பேயுமல்ல, பித்துமல்ல

நேற்றுவரை கலகலப்பாகத் திரிந்த யுவதி ஒருவர் திடீரென உறக்கமிழந்து பிதற்றுகின்றார். இல்லாதவற்றைக் கண்டு அஞ்சுகின்றார். பேய்க்குற்றம் என்று கூறி நூல் கட்டுவோரும் உளர். வைத்தியசாலையில் மனநோய் எனப்படுகின்றது. வலிப்பும் வந்துவிட்டால் வலிப்பு நோய் எனப்படுகின்றது. இவையனைத்துமே பிழையாக இருக்கலாம் என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

மூளையின் என்.எம்.டி.ஏ. வாங்கிகளை உடலின் சொந்தப் பிறபொருளெதிரிகளே தாக்குவதால் ஏற்படும் மூளையழற்சியை, 2007ஆம் ஆண்டில் வைத்தியர் ஜோசப் டல்மாவ் குழுவினர் இனங்கண்டனர். இளம்பெண்களையே இது அதிகம் பீடிக்கின்றது. சிலரின் சூலகத்தில் நரம்பிழையம் கொண்ட கட்டி காணப்படும். அதற்கெதிராக உருவாகும் பிறபொருளெதிரிகள் மூளையையும் தாக்குகின்றன.

2009இல் நியூயோர்க்கில் 24 வயதான பத்திரிகையாளர் சுசானா கஹலன் இந்நோய்க்குள்ளானபோது ஆரம்பப் பரிசோதனைகள் பல வழமையாகவே இருந்தன. வைத்தியர் சுஹெல் நஜ்ஜார் அவரிடம் கடிகாரம் ஒன்றை வரையுமாறு கூறினார். இலக்கங்கள் யாவும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே குவிந்திருந்தன. மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டுள்ளதை அது உணர்த்தியது. சிகிச்சையால் மீண்ட அவர் தம் அனுபவத்தை 2012இல் நூலாக வெளியிட்டார்.

மனக்குழப்பம் உடையோர் எல்லோருக்கும் இந்நோய் இருப்பதாக நாம் கூறவில்லை. ஆயினும், முன்னர் மனநோய் இல்லாத ஒருவரிடம் சில வாரங்களுக்குள் மனக்குழப்பத்துடன் வலிப்பு, வாய் கோணுதல், பேச்சுக் குன்றல், நினைவு மங்கல் என்பனவும் தோன்றினால் நரம்பியல் நிபுணரை உடன் நாட வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் வழமையாக இருப்பது மட்டும் இந்நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. முள்ளந்தண்டு நீரில் பிறபொருளெதிரியைத் தேடுவதே முக்கிய பரிசோதனையாகும்.

இங்குதான் பெற்றோரின் அச்சம் குறுக்கிடுகின்றது. முதுகில் ஊசியேற்றினால் கால்கள் செயலிழந்துவிடும் எனப் பலர் மறுக்கின்றனர். முண்ணாண் முடிவடையும் இடத்திற்குக் கீழேயே ஊசி செலுத்தப்படுகின்றது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். மணமாகாத பெண்ணுக்குச் சூலகப் பரிசோதனை எதற்கு என்ற தயக்கமும் வேண்டாதது. வயிற்றின் மேலாகவே ஸ்கான் செய்ய முடியும்.

ஸ்டெரொயிட் முதலிய மருந்துகளாலும், கட்டி இருப்பின் அதனை அகற்றுவதாலும், சிகிச்சை பெற்றோரில் சுமார் 80 வீதமானோர் இரண்டு ஆண்டுகளுக்குள் நன்கு தேறியமை 2013இல் வெளியான பெரும் ஆய்வொன்றில் தெரியவந்தது. சிகிச்சை தாமதித்தால் மூச்சே தடைப்படலாம். பிரார்த்தனையை எவரும் கைவிடத் தேவையில்லை. ஆனால், அது வைத்தியசாலைக் கட்டிலருகே நடைபெறட்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.