இரண்டு விரல் அகலத்தில் ஒரு பேய்

கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் கடையில் ‘ஹாரர்’ என்று தேடினால் ஒரு நீளப் பட்டியல் வந்து விழும். அதில் ஒவ்வொரு கேமுக்கும் ஒதுக்கியிருக்கும் படம் 120 பிக்சல் அகலம், 45 பிக்சல் உயரம். திரையில் விரலை வைத்துப் பார்த்தால் இரண்டு விரல் அகலம் தேறும். 2024-இல் மட்டும் அந்தக் கடையில் 18,000-க்கும் மேற்பட்ட புதுக் கேம்கள் வந்து இறங்கின. பெரிய கம்பெனியும் விளம்பரக் காசும் இல்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து உருவாக்கும் இண்டி கேமுக்கு, வாங்குபவர் கண்ணில் படக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அந்தக் கட்டம்தான். பல சமயம் கடைசி வாய்ப்பும் அதுதான்.

திகில் கேமுக்கு அட்டைப்படம் போட உட்காருகிறவர்கள் பார்ப்பவரை அங்கேயே அலற வைத்துவிட நினைக்கிறார்கள். பல்லும் நகமும் ரத்தமுமாக ஒன்றை வரைந்து, அதைச் சுற்றிக் கன்னங்கரேலென்று இருட்டைப் பூசிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அலற வைப்பதைக் கேம் பார்த்துக்கொள்ளும். ‘என்னது அது?’ என்று விரலை நிறுத்த வைத்தால் அட்டைப்படத்துக்குப் போதும்.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்களும், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரை அரை நிமிடம் நிறுத்தத்தான் அட்டை போட்டன. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2010-இல் ‘குமாரி லவ்ஸ் எ மான்ஸ்டர்’ என்று ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தது. ராஷ்மி ரூத் தேவதாசன் எழுத, நாவல் அட்டைகளில் கைதேர்ந்த ஷ்யாம் வரைந்தார். பூதங்களோடு காதல் புரியும் பெண்கள், எல்லாம் பளிச்சென்ற வண்ணத்தில். அமானுஷ்யம் என்றால் இருட்டு என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு நம் ஊர்ச் சாட்சி அது.

சரி, ஒரு கேமைக் கற்பனை செய்து அட்டை போட்டுப் பார்ப்போம். இடம் எண்ணூர். கழிமுகத்தில் ராத்திரி இறால் பிடிக்கப் போன அப்பா திரும்பவில்லை. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மகள் தேடிப் போகிறாள். கொசஸ்தலையாற்றுக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன. சாம்பல் படிந்த தண்ணீர், படகு, வலை, துறைமுகத்துக் கிரேன்கள் என்று வரையக் கிடைப்பது ஏராளம். அத்தனையையும் உள்ளே திணித்தால் 120 பிக்சலில் அது சேறாகிவிடும். மூன்றை வைத்துக்கொள்ளலாம்: பெண், தண்ணீர், புகைபோக்கி.

அடுத்தது வெளிச்சம். படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். மூன்று அழுத்தங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்: ஒரு கறுப்பு, ஒரு சாம்பல், ஒரு வெள்ளை. திகில் கேம்களின் அட்டைகள் பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். ஸ்டீம் பக்கத்தின் பின்னணியே கருநீலம். அதன்மேல் கறுப்புப் படத்தை வைத்தால் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. படம் பக்கத்துக்குள் கரைந்துவிடும். கூகுள் பிளே ஸ்டோரின் வெள்ளைப் பின்னணியில் அதே படம் எடுப்பாகத் தெரியும். எந்தக் கடை என்பதைப் பார்த்துத்தான் இருட்டை அளக்க வேண்டும்.

எண்ணூர் இதற்குக் கைகொடுக்கும். அங்கே ராத்திரி வானம் கறுப்பாக இருப்பதில்லை. துறைமுக விளக்குகளும் ஆலை வெளிச்சமும் புகையில் பட்டு, வானம் செங்காவியும் சாம்பலும் கலந்த நிறத்தில் கிடக்கும். அதையே பின்னணியாகப் பூசினால் படத்துக்கு ஓரம் கிடைத்துவிடும், புகைபோக்கிகளும் கறுப்பு உருவங்களாகத் தாமே எழுந்து நிற்கும். உயரமான கட்டுமானங்களின் உச்சியில் விமானங்களுக்காக இரவில் சிவப்பு விளக்கு எரியும். இரண்டு புகைபோக்கிகளை ஒரே உயரத்தில் வைத்து, விளக்குகளை மட்டும் கொஞ்சம் நெருக்கிப் பாருங்கள்: இரண்டு சிவப்புப் புள்ளிகளும் கண்களாகிவிடும். மனித மூளைக்கு முகம் தேடும் வியாதி உண்டு. சுவர்க் கறையிலும் மேகத்திலும்கூட அது முகத்தைக் கண்டுபிடிக்கும். மூன்றாவதாக ஒரு சிவப்பு விளக்கைச் சேர்த்தால் மாயம் போய்விடும், அது வெறும் மின் நிலையம். ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தினாலும் போச்சு. பேயை வரையாமலே பேய் வந்துவிட்டது. வாங்குபவருக்கோ பார்த்தது கண்ணா, விளக்கா என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்காகத்தான் அவர் கிளிக் செய்வார்.

பெண்ணுக்கும் கண்ணில் நிற்கும் ஓர் அடையாளம் வேண்டும். டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ‘லிம்போ’வில் முழுக்க நிழலாக ஒரு சிறுவன் வருவான், கண்கள் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். 2017-இல் வந்த ‘லிட்டில் நைட்மேர்ஸ்’ கேமின் சிறுமிக்கு மஞ்சள் மழைக்கோட்டு. இருண்ட உலகத்தில் அந்த ஒரு மஞ்சள்தான் அடையாளம். எவ்வளவு சுருக்கினாலும் அது சாகாது. நம் எண்ணூர்ப் பெண்ணுக்குத் தலை லைட் இருக்கிறது. அந்த வெள்ளை வட்டம் தண்ணீரில் சற்றுத் தூரம் விழட்டும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று காட்டவே வேண்டாம்.

ஒரே படத்தை வரைந்து எல்லா அளவுக்கும் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கை சுட்டுவிடும். ஸ்டீமின் முகப்புப் படம் 920-க்கு 430, அதாவது படுத்த வடிவம். வாங்கியவரின் அலமாரியில் தெரிவது 600-க்கு 900, நின்ற வடிவம். பிளே ஸ்டோர் ஐகான் 512-க்கு 512. படுத்த வடிவத்தில் கழிமுகம் பேசும்: தண்ணீர் நீண்டு கிடக்க, பெண் ஓரத்தில் சின்னதாக நிற்பாள். நின்ற வடிவத்தில் புகைபோக்கிகள் தலைக்கு மேலே எழும்பி அவளை அமுக்கும். ஐகானில் இரண்டுக்குமே இடமில்லை. சிவப்புப் புள்ளிகளும் வெள்ளை வட்டமும் மட்டும் போதும். அதனால் பெண், புகைபோக்கி, வானம் மூன்றையும் தனித்தனி அடுக்காக வரைந்து, அளவுக்கு ஏற்ப நகர்த்தி வைக்கிறார்கள்.

தலைப்பு எழுத்துதான் பெரிய தலைவலி. ரத்தம் சொட்டும் எழுத்து, கீறல் விழுந்த எழுத்து எல்லாம் சுவரொட்டி அளவில் அழகு. சின்னக் கட்டத்தில் தலைப்பே இடத்தின் பெரும்பகுதியை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் படிக்க முடியாது. தமிழில் இன்னும் சிக்கல்: ணகரத்தின் சுழிகளும் இகர ஈகார வளைவுகளும் சுருங்கும்போது ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு எழுத்தில் பெயர் வைத்து, கோட்டைத் தடிப்பாக்கி, சுழிக்குள் இருக்கும் ஓட்டையை வேண்டுமென்றே பெரிதாக்கிவிடுவது நல்லது. 2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் ஒரு கட்டுப்பாடும் கொண்டுவந்தது: படத்தில் கேமின் பெயர் இருக்கலாம், விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி என்று எதையும் எழுதக்கூடாது. கண்ட கண்ட நட்சத்திரங்கள் ஒழிந்தது எனக்கு நிம்மதி.

வடசென்னையை வரையும்போது இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. படகு, வலை, கூழைக்கடாவின் இறகு எல்லாம் கறுத்துப்போனது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, சனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து வீட்டைவிட்டு ஓடினார்கள். கேம் அதைப் பற்றியது என்றால் அட்டையில் எண்ணெய் வரட்டும், ஓடும் கால்களும் வரட்டும். சும்மா பேய்க்கதைக்குப் பகட்டாக அதை ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வடசென்னை என்றதும் கத்தியைத் தூக்கும் சினிமாப் பழக்கத்தை அட்டை ஓவியர் தொடர வேண்டும் என்றும் இல்லை.

வரைந்து முடித்ததும் ஓவியர்கள் படத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. கடையின் தேடல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மற்றத் திகில் கேம்களுக்கு நடுவே தங்கள் படத்தை ஒட்டி வைத்துப் பார்க்கிறார்கள். அக்கம்பக்கம் எல்லாம் கறுப்பும் சிவப்புமாக இருந்தால், நம் செங்காவி வானம் அங்கே தப்பிக்கும். அவர்களும் அதே நிறத்தில் வந்திருந்தால் வானத்தை மாற்ற வேண்டும். பிறகு அந்த ஸ்கிரீன்ஷாட்டை வெளிச்சம் குறைத்த மலிவான போனில் போட்டு, கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் இரண்டு விநாடி நீட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். “பொண்ணு ஒண்ணு நிக்குது, பின்னாடி யாரோ பாக்குறாங்க” என்று பதில் வந்தால் படத்தைக் கடையில் ஏற்றிவிடலாம். “மின்சார ஆபீஸா?” என்று கேட்டால் விளக்குகளை இன்னும் கொஞ்சம் நெருக்க வேண்டும்.