ஃபோல்டர் காலியா தெரியுதா? 'ஃபார்மட்' பட்டனைத் தொடும் முன் இதைப் படிங்க!

விடியற்காலையில் மாமல்லபுரம் கடற்கரையில் ப்ரீ-வெட்டிங் ஷூட். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பி, படங்களை எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியாச்சு. மறுநாள் ஷூட்டுக்காக மெமரி கார்டையும் அழிச்சாச்சு. ராத்திரி எடிட் பண்ண உட்கார்ந்து ஃபோல்டரைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. "அண்ணே, எல்லாம் போச்சு போல!"

கற்பனைக் காட்சிதான். ஆனால் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கலாம். சிறுசேரி ஐடி பார்க் ஊழியரின் புராஜெக்ட் ஃபைலாக இருக்கலாம், கல்லூரி மாணவியின் ரெக்கார்டாக இருக்கலாம். அந்த நேரத்தில் பதற்றத்தில் செய்யும் காரியம்தான் பல சமயம் உண்மையான இழப்பை உண்டாக்குகிறது.

காலியா, கண்ணுக்குத் தெரியலையா?

விண்டோஸ் 95 வந்த 1995-ம் ஆண்டிலிருந்து நாம் பயன்படுத்தும் 'எக்ஸ்புளோரர்', ஃபைல்களைக் காட்டும் ஒரு புரோகிராம் மட்டுமே. ஃபைல்கள் இருப்பது டிஸ்க்கில். காட்டுகிற புரோகிராம் சிக்கிக்கொண்டாலும் டிஸ்க்கில் இருப்பது அப்படியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். 'திஸ் பிசி'யைத் திறந்து, அந்த டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' போங்கள். அதில் 'யூஸ்டு ஸ்பேஸ்' எவ்வளவு என்று பாருங்கள். நேற்று 60 ஜிபி படம் ஏற்றிய டிஸ்க்கில் இன்றைக்கும் அந்த அளவு நிரம்பியிருக்கிறது என்றால், படங்கள் உள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து ஏன் தெரியவில்லை என்று தேடலாம்.

பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறதா?

ஃபோல்டரைத் திறந்ததும் மேலே அட்ரஸ் பாரில் பச்சைக் கோடு மெதுவாக நகர்கிறது, 'வொர்க்கிங் ஆன் இட்' என்று மட்டும் வருகிறது. ஆயிரக்கணக்கான போட்டோ, வீடியோ இருக்கும் ஃபோல்டர்களில் இது சகஜம். ஒவ்வொரு படத்துக்கும் குட்டிப் படம், அதாவது தம்ப்நெயில் தயாரிக்க விண்டோஸ் திணறுகிறது.

* முதலில் எஃப்5 அழுத்தி ரிஃப்ரெஷ் செய்யுங்கள். சரியாகவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்புளோரர்' மீது ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஏதாவது காப்பி ஆகிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள்.
* ஃபோல்டரின் 'ப்ராப்பர்டீஸ்' போய் 'கஸ்டமைஸ்' டேபில் 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்ற இடத்தில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள்.
* எக்ஸ்புளோரரின் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஜெனரல்' டேபில் 'கிளியர்' பட்டன் இருக்கும். அது பழைய ஹிஸ்டரியை மட்டுமே அழிக்கும். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஆபீஸ் நெட்வொர்க் டிரைவை 'குயிக் அக்சஸ்' பகுதியில் பின் செய்திருந்து, விபிஎன் துண்டிக்கப்பட்டிருந்தால் எக்ஸ்புளோரர் அதைத் தேடிக்கொண்டே நின்றுவிடலாம். 'ஆப்ஷன்ஸ்' உள்ளே, திறக்கும் இடத்தை 'திஸ் பிசி' என்று மாற்றி, அந்தப் பின்னை எடுத்துவிடுங்கள்.

ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சா?

ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவ் செருகி எடுத்தவர்களுக்கு இது பழகிய தொல்லை. இந்த வைரஸ் உங்கள் ஃபைல்களை அழிப்பதில்லை. 'ஹிட்டன்', 'சிஸ்டம்' என்ற இரண்டு அடையாளங்களை ஒட்டி அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட் வைக்கிறது. அதை கிளிக் செய்தால் வைரஸ் உங்கள் கம்ப்யூட்டருக்கும் தொற்றும்.

எந்த ஷார்ட்கட்டையும் திறக்காமல் முதலில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். பிறகு 'வியூ' மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' தேர்வு செய்யுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால், 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'வியூ' டேபில் 'ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கை எடுங்கள். மங்கலான ஐகானோடு உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். வேறு இடத்துக்குக் காப்பி செய்த பிறகு அந்த டிக்கை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் மட்டும் காலியா?

இங்கே இரண்டு சந்தேகங்கள். ஒன்று, ஒன்டிரைவ். அதன் பேக்கப் வசதியை ஆன் செய்தால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடும். பிறகு அந்த வசதியை ஆஃப் செய்தால், பழைய இடம் காலியாகத் தெரியலாம். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்த் தேடுங்கள்.

இரண்டாவது, தற்காலிக ப்ரொஃபைல். உங்கள் அக்கவுன்ட்டைத் திறக்க முடியாதபோது விண்டோஸ் ஒரு புதிய, வெறும் டெஸ்க்டாப்பைக் காட்டும். அதில் சேமிப்பது எல்லாம் சைன் அவுட் செய்ததும் போய்விடும். எனவே அங்கே வேலையைத் தொடராமல் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

நிஜமாகவே அழிந்த கதை

எல்லா நேரமும் 'உள்ளேதான் இருக்கு' என்று நம்பிவிடவும் முடியாது. 2018 அக்டோபர் 2-ம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10-ன் 1809 அப்டேட்டைப் போட்ட சிலருக்கு டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் உண்மையிலேயே காலியாகின. சில நாட்களிலேயே அந்த அப்டேட் நிறுத்தப்பட்டது.

டாகுமென்ட்ஸ் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றியவர்களுக்கு, பழைய இடத்திலும் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் மிச்சம் இருக்கும். தேவையில்லாத அந்தப் பழைய ஃபோல்டரை அப்டேட் அழித்தது. உள்ளே ஃபைல்கள் இருந்த இடங்களில் அவையும் சேர்ந்து போயின. புகார் அளித்தவர்கள் 10,000-ல் ஒருவர் என்ற அளவுதான் என்றது மைக்ரோசாஃப்ட். பாதிக்கப்பட்டவர்களுக்கு அது தந்த முக்கியமான அறிவுரை, அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது. குறை திருத்தப்பட்டு, நவம்பர் 13-ம் தேதி அப்டேட் மறுபடி வெளியானது.

ஏன் பயன்படுத்தக் கூடாது? அழிக்கப்பட்ட ஃபைலின் இடம் 'காலி' என்று குறிக்கப்படுமே தவிர, ஹார்ட் டிஸ்க்கிலும் மெமரி கார்டிலும் பெரும்பாலும் தரவு உடனே மறைவதில்லை. அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதப்பட்டால்தான் மீட்பது கஷ்டம். எஸ்எஸ்டி என்றால் நிலைமை வேறு. காலி இடத்தை அதுவே துடைத்துவிடும் என்பதால் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

எங்கே கையை எடுக்க வேண்டும்?

* 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்ற பெட்டி வந்தால், 'கேன்சல்' மட்டும் அழுத்துங்கள்.
* வேறு கேபிள், வேறு யுஎஸ்பி போர்ட், வேறு கம்ப்யூட்டர் என்று மாற்றிப் பாருங்கள். கடலோர உப்புக் காற்றில் கனெக்டர்கள் துருப்பிடிப்பது மாமல்லபுரம், கோவளம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.
* டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.
* 'எரர் செக்கிங்' ஓட்டும் முன், காப்பி எடுக்க முடிந்ததை எடுத்துவிடுங்கள். பழுதான டிஸ்க்கில் இந்தச் சோதனை ஃபைல்களைத் துண்டு துண்டாக்கிவிட வாய்ப்பு உண்டு.
* மீட்பு சாஃப்ட்வேரை அதே டிரைவில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். மீட்ட ஃபைல்களையும் வேறு டிரைவில் சேமியுங்கள்.

அந்த ஸ்டுடியோ காட்சிக்குத் திரும்புவோம். அங்கே நடந்த தவறு எக்ஸ்புளோரர் உறைந்தது அல்ல. இரண்டாவது காப்பி எடுக்கும் முன்பே மெமரி கார்டை அழித்தது. ஒன்று லேப்டாப்பில், ஒன்று தனி டிஸ்க்கில், ஒன்று வீட்டிலோ கிளவுடிலோ என மூன்று இடத்தில் படம் இருந்தால், வெள்ளைத் திரையைப் பார்த்து "எல்லாம் போச்சு" என்று யாரும் அலற வேண்டியதில்லை. எஃப்5 அழுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.