பத்துத் தந்தி வயலினுக்கு வாரிசு யார்?

மும்பை: மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களுக்கு வயலின் அன்னியமல்ல. 1952-ல் தொடங்கப்பட்ட சண்முகானந்தா சபாவின் கச்சேரிகளில் வாய்ப்பாட்டுக்குத் துணையாக அது ஒலிக்காத மாலை அரிது. ஆனால், அதன் குடும்பத்தின் ஆழ்ந்த குரல்களையும் ஒருங்கே கொண்ட வாத்தியம் ஒன்றைத் தமிழர் ஒருவர் உருவாக்கி 40 ஆண்டுகளுக்கு மேலாகியும், சபா மேடைகளில் அது வேரூன்றவில்லை. அதுவே எல். சங்கரின் இரட்டை வயலின்.

ஐரோப்பாவில் வயோலாவுக்கும் செல்லோவுக்கும் இடைப்பட்ட "டெனர் வயலின்" ஒரு காலத்தில் வழக்கில் இருந்து, பின்னர் மறைந்தது. ஆண் குரலுக்கு நெருக்கமான ஒலி அது. கர்நாடக இசையிலோ, பாடகரின் சுருதிக்கேற்பத் தந்திகளைத் தளர்த்தியே கலைஞர்கள் சமாளிக்கின்றனர். மறைந்த எம். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவையே கையிலெடுத்தார்.

சங்கரின் பயணம் இடப்பெயர்வில் தொடங்கியது. அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்தார். தமிழர்களுக்கு எதிரான 1958 இனக்கலவரத்துக்குப் பின் அக்குடும்பம் இந்தியா திரும்பியது. எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூன்று சகோதரர்களும் வயலின் கலைஞர்களாகப் புகழ்பெற்றனர்.

அமெரிக்கா சென்ற சங்கரும், தாராவியை அடுத்த மாஹிமில் வளர்ந்த ஜாகிர் ஹுசேனும், கடம் கலைஞர் விக்கு விநாயக்ராமும், கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலினுடன் இணைந்த குழுவே "சக்தி". அதன் முதல் இசைத்தொகுப்பு 1975-ல் பதிவானது.

அக்குழு கலைந்த பிறகு, 1980-ல் இரட்டை வயலின் பிறந்தது. வடிவமைப்பு சங்கருடையது, செய்து கொடுத்தவர் அமெரிக்கக் கிட்டார் வடிவமைப்பாளர் கென் பார்க்கர். ஒரே உடலில் இரண்டு தண்டுகள்; தண்டுக்கு ஐந்தாகப் பத்துத் தந்திகள். டபுள் பாஸ் முதல் வயலின் வரையிலான ஒலிகள் ஒருவர் கையில் அடங்கின. பீட்டர் கேப்ரியலின் "பேஷன்" (1989) இசைத்தொகுப்பில் உலகம் அதைக் கேட்டது.

செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன் இடம்பெற்ற புதிய "சக்தி" குழு 2024-ல் கிராமி விருது வென்றபோது மும்பைத் தமிழர்கள் பெருமிதம் கொண்டனர். எனினும், இரட்டை வயலினைத் தொடர்ந்தவர்களில் குறிப்பிடத்தக்கவர், சங்கரின் அண்ணன் மகளான ஜிஞ்சர் சங்கரே. தனியே செய்விக்க வேண்டிய மின்வாத்தியம் என்பதால் சாதாரண மாணவருக்கு அது எட்டாக்கனி.

வயலினும் வெளியிலிருந்து வந்ததே. பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றார். சுவாதித் திருநாள் அரசவையில் தஞ்சை வடிவேலு வாசித்தார். ஆதரித்த அரசவையும் கற்க முன்வந்த சீடர்களும் இருந்ததாலேயே அது நம்முடையதாயிற்று.

தில்லியில் சங்கீத நாடக அகாதெமியின் வாத்தியக் காட்சியகத்தை 1964-ல் திறந்துவைத்தவர் வயலின் மேதை யெஹுதி மெனுஹின். காட்சியகங்கள் வாத்தியத்தின் வடிவத்தைக் காக்கும். அதன் குரலைக் காப்பவர்கள் மாணவர்களே. அரசும் சபாக்களும் மலிவான பயிற்சி வாத்தியங்களைச் செய்வித்து, நிதியுதவியுடன் ஒரு சில மாணவர்களையாவது உருவாக்காவிடில், கலவரத்தைக் கடந்து வந்த குடும்பம் தந்த இப்புதுமை ஒரு தலைமுறையோடு ஓய்ந்துவிடக்கூடும்.