பீட்சா முதல் புரோட்டா வரை... 'ப' வரிசை சாப்பாடு எல்லாம் உழைப்பாளி வயிற்றுக்காக வந்தவை!

விருதுநகர்:-

"'ப' எழுத்தில் தொடங்கும் 10 சாப்பாட்டு அயிட்டம் எழுதிட்டு வா" என்று பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கொடுத்தால் நம்ம ஊர் பிள்ளைகள் அஞ்சு நிமிஷத்தில் முடித்து விடும். புரோட்டா, பிரியாணி, பஜ்ஜி, பணியாரம், பொங்கல், பாயசம், பன், பப்ஸ், பீட்சா, பர்கர். பத்து ஆச்சு.

இதில் தமிழுக்கு ஒரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தில் பிரிந்து கிடக்கிற சாப்பாடு எல்லாம் நமக்கு ஒரே 'ப'வில் அடங்கி விடும்.

இந்த 'ப' வரிசையை வைத்துக் கொண்டு மற்ற நாடுகளையும் துழாவிப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. இன்றைக்கு ஏ.சி. ஓட்டலில் நூற்றுக்கணக்கில் விலை போட்டு விற்கிற பல அயிட்டங்கள், ஒரு காலத்தில் கூலி ஆட்களின் சாப்பாடு. சுரங்கத்திலும், வயலிலும், மில்லிலும், கரும்பு தோட்டத்திலும் வேலை பார்த்தவர்கள் பசியாறியது அதில்தான். அதுபற்றிய விவரம் வருமாறு:-

சுரங்கத்துக்குள் போன சோமாசி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு கடலோர பகுதி. அங்கே வெள்ளீயமும், செம்பும் வெட்டி எடுக்கிற சுரங்கங்கள் ஏராளமாக இருந்தன. காலையில் கீழே இறங்கினால் வேலை முடிந்துதான் மேலே வர முடியும். மத்தியான சாப்பாட்டை கையோடு கொண்டு போக வேண்டும்.

அப்படி கொண்டு போனதுதான் 'பாஸ்டி'. பார்க்க நம்ம சோமாசி மாதிரி இருக்கும். ஆனால் கை நிறைய வருகிற பெரிய சைஸ். உள்ளே மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் வகை கிழங்கு. ஓரத்தை கயிறு திரித்த மாதிரி முறுக்கி மூடி, அடுப்பில் வைத்து சுட்டு எடுப்பார்கள். ஒரு மூலையில் ஆளின் பெயரின் முதல் எழுத்தை மாவிலேயே போட்டு விடுவதும் உண்டு. பாதி தின்று வைத்தது யாருடையது என்று சண்டை வராது பாருங்கள்.

கார்ன்வால் தாதுவில் ஆர்சனிக் என்ற விஷமும் கலந்து இருந்தது. கையில் அது ஒட்டி இருக்கும் என்பதால் முறுக்கிய ஓரத்தை மட்டும் பிடித்து தின்று விட்டு, அந்த ஓரத்தை தூக்கி எறிந்து விடுவார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். ஆனால் பேப்பரிலோ, துணிப்பையிலோ சுற்றி வைத்து கடைசி வரை முழுசாக தின்றார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. பசித்தவன் ஓரத்தை எறிவானா என்று நமக்கும் தோன்றத்தான் செய்கிறது.

கையில் விஷம் என்றதும் நம்ம மாவட்டம்தான் ஞாபகம் வருகிறது. பட்டாசு வேலைக்கு போகிறவர்கள் மருந்து ஒட்டிய கையோடு தூக்குவாளியை திறக்கக் கூடாது. சோப்பு போட்டு கழுவி விட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும்.

1820-களில் கார்ன்வால் ஆட்கள் மெக்சிகோ நாட்டு வெள்ளி சுரங்கங்களுக்கு வேலைக்கு போனார்கள். பாஸ்டியும் கூடவே போனது. அங்கே ரியல் டெல் மோன்டே என்ற ஊரில் இன்றைக்கும் அது 'பாஸ்தே' என்ற பெயரில், மிளகாய் சேர்த்து காரசாரமாக விற்பனை ஆகிறது. அந்த சாப்பாட்டுக்கு என்றே ஊரில் ஒரு மியூசியமும் இருக்கிறது.

2011-ம் ஆண்டு ஐரோப்பிய யூனியன் 'கார்னிஷ் பாஸ்டி' என்ற பெயருக்கு பாதுகாப்பு கொடுத்தது. கார்ன்வாலில் செய்தால்தான் அந்த பெயரை போட முடியும். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே மாதிரி. பால்கோவாவும் 'ப'தான் என்பது குறிப்பிடத்தக்கது.

8 நாள் கடனுக்கு பீட்சா

பீட்சா பிறந்த ஊர் இத்தாலியில் உள்ள நேப்பிள்ஸ் நகரம். துறைமுக ஊர். அங்கே வீட்டில் அடுப்புக்கு கூட வழியில்லாத ஏழைகளின் தெரு சாப்பாடாக அது இருந்தது. சூடு ஆறாமல் இருக்க உலோக பாத்திரத்தில் அடுக்கி, தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். கையில் இருக்கிற காசுக்கு தகுந்த மாதிரி துண்டு வெட்டி கொடுப்பார்கள்.

1889-ல் ராணி மார்கரிட்டா சாப்பிட்டு பாராட்டினார், அதனால்தான் அந்த பெயர் வந்தது என்பது பீட்சா கடைக்காரர்கள் சொல்கிற கதை. அதை சந்தேகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நமக்கு ராணி கதையை விட கடன் கதைதான் ருசியாக இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊரே பஞ்சத்தில் கிடந்த நேரம். விறகு அடுப்பு வைக்க வசதி இல்லாதவர்கள் வாசலில் எண்ணெய் சட்டியை வைத்து பீட்சாவை பொரித்து விற்றார்கள். நம்ம விருதுநகர் எண்ணெய் புரோட்டா மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். "இன்று சாப்பிடு, 8 நாள் கழித்து காசு கொடு" என்பது அந்த கடைகளின் வழக்கம்.

1954-ல் டிசிகா டைரக்‌ஷனில் வந்த ஒரு இத்தாலி படத்தில் இதை ஒரு கதையாகவே எடுத்திருக்கிறார்கள். அதில் பீட்சா விற்கிற பெண்ணாக நடித்தவர் சோபியா லாரன். அவருடைய மோதிரம் காணாமல் போய் விடும். மாவோடு மாவாக போய் விட்டது என்று நினைத்து, கடனுக்கு சாப்பிட்ட ஒவ்வொருவராக புருஷன் தேடிப் போவான். 'கடன் அன்பை முறிக்கும்' என்று போர்டு மாட்டுகிற நம்ம ஊர் கடைக்காரர்கள் பார்க்க வேண்டிய படம்.

ஸ்பெயின் நாட்டு 'பாயெயா' பற்றி நீட்டி சொல்ல வேண்டியது இல்லை. வாலன்சியா பகுதி வயல் வேலைக்காரர்கள் வயலிலேயே விறகு வைத்து, அகலமான தட்டையான சட்டியில் அரிசி, முயல் கறி, கோழி, நத்தை, பீன்ஸ் போட்டு சமைத்தது. தட்டு கிடையாது. சட்டியை சுற்றி உட்கார்ந்து மரக்கரண்டியால் அள்ளி தின்பார்கள். பாயெயா என்றாலே அவர்கள் மொழியில் சட்டி என்றுதான் அர்த்தம்.

பெயர்தான் பன்னி... கறி அது இல்லை!

அடுத்து வருகிற பெயரை கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் 'பன்னி சௌ' என்று ஒரு சாப்பாடு. பன்றிக்கறிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அரை பிரட் பாக்கெட்டை எடுத்து, நடுவில் உள்ள பஞ்சு போன்ற பகுதியை குடைந்து, அந்த குழிக்குள் கொதிக்க கொதிக்க கறிக்குழம்பை ஊற்றி கொடுப்பார்கள். குடைந்து எடுத்ததை மூடியாக மேலே வைத்து விடுவார்கள். சாப்பாடும் அதுதான், பாத்திரமும் அதுதான். ஆட்டுக்கறி, கோழி, கறி வேண்டாம் என்பவர்களுக்கு பீன்ஸ்.

இதில் நம்ம ரத்த பந்தம் இருக்கிறது. 1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையில் இருந்து டர்பன் போய் சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் கரும்பு தோட்டத்துக்கு ஒப்பந்த கூலிகளாக போனவர்கள். அடுத்த 50 ஆண்டுகளில் 1½ லட்சம் பேருக்கு மேல் இப்படி போனார்கள். தமிழ், தெலுங்கு ஆட்கள் அதில் ஏராளம்.

பன்னி சௌ எப்படி வந்தது என்பதற்கு மூன்று, நான்கு கதைகள் இருக்கின்றன. வேலைக்கு குழம்பு கொண்டு போக வழி இல்லாமல் பிரட்டை குடைந்தார்கள் என்பது ஒன்று. ஓட்டல் நடத்திய பனியா வியாபாரிகளின் பெயர்தான் 'பன்னி' ஆனது என்பது இன்னொன்று. நிறவெறி காலத்தில் கருப்பின மக்கள் ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதனால் பின்வாசல் வழியாக, தட்டு இல்லாமல் கொடுக்க இந்த ஏற்பாடு என்பதும் ஒன்று. தனி டம்ளர் வைத்த டீக்கடைகளை பார்த்த நம்ம ஊருக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

மில் போச்சு, பாவ் பாஜி இருக்கு

மும்பை பாவ் பாஜி, மில் தொழிலாளர்களுக்காக வந்தது என்று சொல்கிறார்கள். ஷிப்டுக்கு நடுவே கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் சாப்பாடும் முடிய வேண்டும், தூக்கமும் வரக்கூடாது. இருந்த காய்கறியை எல்லாம் தோசைக்கல்லில் போட்டு மசித்து, பன்னோடு கொடுத்தார்கள். 'பாவ்' என்பது போர்ச்சுகீசியர்கள் விட்டு போன சொல்.

1982-ம் ஆண்டு ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் மும்பை மில் தொழிலாளர்கள் சுமார் 2½ லட்சம் பேர் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். அதன்பிறகு பல மில்கள் எழுந்திருக்கவே இல்லை. மில் இருந்த இடத்தில் இன்று பெரிய பெரிய வணிக வளாகங்கள். அங்கே ஏ.சி. போட்ட கடையில் பாவ் பாஜி விற்கிறது.

பழைய சோறுக்கும் அதே 'ப'

நம்ம பழைய சோற்றை விட்டு விட முடியுமா? ஒடிசாவில் இதற்கு பெயர் 'பக்காளா'. வங்காளத்தில் 'பாந்தா பாத்'. மூன்றுமே ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து காலையில் சாப்பிடுவதுதான். மூன்றுக்கும் 'ப'தான்!

ஒடிசாக்காரர்கள் மார்ச் 20-ந்தேதியை 'பக்காளா தினம்' என்றே கொண்டாடுகிறார்கள். 2021-ல் ஆஸ்திரேலிய டி.வி. சமையல் போட்டியின் இறுதி சுற்றில் வங்காளதேச வம்சாவளி பெண் கிஷ்வர் சவுத்ரி, பாந்தா பாத்தும், உருளைக்கிழங்கு மசியலும், மத்தி மீனும் வைத்தார். 3-ம் இடம் கிடைத்தது. கல் உப்பும், சின்ன வெங்காயமும் கடித்து சாப்பிட்ட நம்ம ஆட்களுக்கு முதல் பரிசே கொடுத்திருக்கலாம்.

புரோட்டாவுக்கு வரி எவ்வளவு?

கடைசியில் நம்ம புரோட்டா. சிங்கப்பூரில் இதை 'பிராட்டா' என்கிறார்கள். இங்கிருந்து பிழைக்க போனவர்கள் கொண்டு போனதுதான்.

2020-ல் கர்நாடக ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம், "புரோட்டா என்பது ரொட்டி ஆகாது" என்று சொல்லி பாக்கெட் புரோட்டாவுக்கு 18 சதவீத வரி என்றது. சப்பாத்திக்கு 5 சதவீதம்தான். பீட்சாவுக்கு அடியில் வைக்கிற ரொட்டிக்கும் 5 சதவீதம். உழைக்கிற ஜனம் தின்கிற புரோட்டாவுக்கு மட்டும் 18-ஆ என்று நாடு முழுக்க கேலி பேசினார்கள். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி முதல் இந்த மூன்றுக்குமே வரி கிடையாது என்று ஆகி விட்டது.

ஆனால் இது பாக்கெட்டில் வாங்குகிற புரோட்டாவுக்குத்தான். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டாலும், பார்சல் வாங்கினாலும் அது ஓட்டல் வரி கணக்கில் வரும். சாதாரண ஓட்டல்களுக்கு அது 5 சதவீதம்.

ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்கிற சின்ன ஓட்டல்கள் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியது இல்லை. பதிவு இல்லாத கடையும், காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடையும் சாப்பிட வருகிறவர்களிடம் தனியாக வரி வாங்கக்கூடாது. வரி போட்ட பில்லில் 15 எழுத்து-எண்கள் கொண்ட ஜி.எஸ்.டி. எண் கட்டாயம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு கடை என்றால் அது 33 என்று ஆரம்பிக்கும். அந்த எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால், காசை கொடுப்பதற்கு முன்னால் கல்லாவில் கேட்கலாம்.