ஒரே பந்தியில் உண்போம்



உணவே உடலை வளர்ப்பது என்பதை யாவரும் அறிவோம். ஆயினும் ஒருவருக்கு வலிமை தரும் உணவு மற்றொருவருக்கு நோய் தருவதும் உண்டு. இதனை என் தமக்கையின் இல்லத்தில் நேரிற் கண்டேன்.

தமக்கையின் மகள் வள்ளிக்கு அப்போது வயது ஏழு. சப்பாத்தியையும் ரவை உப்புமாவையும் விரும்பி உண்பாள். எனினும் உடல் தேறவில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிற்று உப்பல், இரத்தசோகை. வயதுக்கேற்ற வளர்ச்சியும் இல்லை. ‘சத்துக் குறைவு’ என்று கருதி, இன்னும் ஒரு சப்பாத்தி உண்ணுமாறு அவளை வற்புறுத்தியவர்களுள் நானும் ஒருவன். பின்னர் மருத்துவர் ஆராய்ந்து, அவளுக்கு உள்ளது சீலியாக் நோய் என்றார். நாங்கள் மருந்தென்று ஊட்டியதே அவளுக்கு நோயாக இருந்தது.

சீலியாக் நோய் என்பது யாது? கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, நீரில் இட்டு மெல்லக் கழுவிப் பாருங்கள். மாவுப்பொருள் வெண்ணிறமாய்க் கரைந்து போகும்; கையில் மிஞ்சுவது இழுத்தால் நீளும் பசை போன்ற ஒரு பொருள். அதற்குக் குளூட்டன் என்று பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் இது. சீலியாக் நோயுடையார் இதனை உண்டால், பகைவரை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சுவதற்கென அமைந்த நுண்ணிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து போகின்றன. பிறகு எவ்வளவு உண்டாலும் உடலில் ஒட்டாது.

இந்நோய்க்குக் கோதுமையே காரணம் என்று தெளிவுபடுத்தியவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவரான வில்லெம் டிக்கே என்பார். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைப்பதே அரிதாயிற்று. அக்காலத்தில் கண்டவை அவருடைய எண்ணத்தை உறுதிப்படுத்தின. 1950இல் தம் ஆய்வேட்டில் அதனை விளக்கினார். இன்றும் இந்நோய்க்கு மருந்து, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே விலக்கி உண்பதேயாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஐயம் தோன்றிய உடனே தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு மருத்துவரிடம் செல்லுதல் கூடாது. அவ்வாறு செய்தால் இரத்தப் பரிசோதனையில் நோய் மறைந்து நிற்கக்கூடும். முதலில் பரிசோதனை, பிறகே விலக்கு.

கோதுமை, ரவை, மைதா, சேமியா ஆகியவற்றை வீட்டை விட்டு அகற்றினோம். வள்ளியின் முகம் தெளியலாயிற்று. ஆனால் சில மாதங்களில் வயிற்றுத் தொல்லை திரும்பிவிட்டது. ‘சோறும் சாம்பாரும் தானே உண்கிறாள்?’ என்று திகைத்தோம். ஒருநாள் தமக்கை அடுக்களையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாய் எடுத்து, அவற்றின் மேலிருந்த சிற்றெழுத்துகளைப் படிக்கத் தொடங்கினாள். பெருங்காய டப்பாவைக் கையிலெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெருங்காயப் பிசினின் காரத்தைத் தணிப்பதற்காக அதனுடன் மாவு சேர்ப்பது வழக்கம். பெரும்பாலும் அது கோதுமை மாவு அல்லது மைதா. நாள்தோறும் சாம்பாரிலும் இரசத்திலும் அது அவளுக்குச் சென்றுகொண்டிருந்தது. அடுத்த ஐயம் அரிசி மாவின் மீது எழுந்தது. மாவு மில்லில் எங்களுக்கு முன் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால், எந்திரத்தில் தங்கிய மாவு எங்கள் அரிசி மாவுடன் கலந்துதானே வரும்?

‘ஒரு சிட்டிகைதானே, என்ன செய்துவிடும்?’ என்று நான் கேட்டேன். அது அறியாமையிற் பிறந்த கேள்வி என்பதைப் பின்னர் உணர்ந்தேன். குளூட்டன் அற்றது என்று விற்கப்படும் உணவில், ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது விதி. அத்துணைச் சிறிய அளவையும் கருதுகின்ற நோய்க்கு ஒரு சிட்டிகை சிறிதன்று.

இனி, அந்த வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வள்ளியின் தம்பிக்குப் பால் ஒவ்வாது, நிலக்கடலையும் ஒவ்வாது. இது ஒவ்வாமை; சீலியாக் நோயினின்றும் வேறானது. உண்ட சிறிது நேரத்திலேயே உடலில் தடிப்பும் உதட்டில் வீக்கமும் தோன்றும். மூச்சுத் திணறினால் உயிருக்கே இடர். அந்நிலையில் கைமருந்தால் பயனில்லை. அட்ரினலின் ஊசி தாமதமின்றிப் போடப்பட வேண்டும்.

கோதுமை இல்லை, பால் இல்லை, நிலக்கடலை இல்லை. புலால் உண்ணும் வழக்கமும் இல்லை. பின் எதைத்தான் சமைப்பது? ஆராய்ந்து பார்த்தபோது, விடை நம் பழைய அடுக்களையிலேயே இருந்தது.

காலையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி வெறும் பசியாற்றும் பண்டமன்று. அரிசிப் புரதத்தில் குறைவானதை உளுந்து ஈடுசெய்கிறது. மற்றொரு நாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். நண்பகலில் சோறு, துவரம்பருப்புச் சாம்பார், கீரை மசியல், ஒரு பொரியல், மிளகு இரசம். பெருங்காயத்தின் இடத்தைப் பூண்டும் சீரகமும் நிரப்பின. நெய்க்கு மாற்றாக நல்லெண்ணெய். எள் ஒவ்வாதவருக்குத் தேங்காயெண்ணெய். மாலையில் கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறுச் சுண்டல். இரவில் பருப்பு அடை, அல்லது குதிரைவாலிப் பொங்கல், அல்லது கேழ்வரகுத் தோசை. கம்பு, தினை, சாமை, வரகு, சோளம் ஆகிய எவற்றிலும் குளூட்டன் இல்லை. ஆனால் அவற்றைப் பொறுக்கிக் கழுவி, வீட்டிலேயே அரைத்தல் நலம். விழா நாளில் பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்ப்பால் சேர்ந்த பாயசம். முந்திரிக்குப் பதில் வறுத்த தேங்காய்ப் பல்.

பாலை விலக்கிய பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். 100 கிராம் கேழ்வரகில் அது 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. புலாலும் முட்டையும் பாலும் இல்லாத உணவில் பி12 என்னும் உயிர்ச்சத்து போதிய அளவு கிடைப்பதில்லை. அதனை மருத்துவர் சொற்படி மாத்திரையாகவேனும் பெற வேண்டும்.

இவ்வளவும் கூறியது உணவுப் பட்டியல் ஒன்றைத் தருவதற்காக மட்டுமன்று. முதல் சில மாதங்கள் வள்ளிக்கெனத் தனிச் சமையல், தனித் தட்டு, கோதுமைத் துகள் படாதிருக்கத் தனி மூலை. ஒரு மாலை அவள் என்னிடம், “மாமா, நான் என்ன தப்புச் செய்தேன்? என்னை மட்டும் ஏன் தள்ளி உட்கார வைக்கிறீர்கள்?” என்று கேட்டாள். அவளைக் காப்பதாக எண்ணியிருந்த எங்களால் விடை கூற இயலவில்லை. அன்று என் தமக்கை ஒரு முடிவு செய்தாள்: இனி இந்த வீட்டில் இரண்டு சமையல் இல்லை, இரு பிள்ளைகளும் உண்ணக்கூடியதையே எல்லோரும் உண்போம் என்று. எங்களில் எவரும் அதனால் எதையும் இழக்கவில்லை. வள்ளியோ வளர்ந்தாள், இன்று தமக்கையின் தோளுக்கு நிற்கிறாள்.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் விடுதியிலும் இத்தகைய தோழர் ஒருவர் இருக்கலாம். அவர் ஒரு பண்டத்தை மறுத்தால், ‘பிகு செய்கிறார்’ என்று எள்ள வேண்டா. ‘கொஞ்சம் சாப்பிட்டுப் பார்’ என்று வற்புறுத்தவும் வேண்டா. அவரிடம் கேட்டறிந்து, அவரும் உண்ணத்தக்க ஒன்றை அடுத்த முறை உங்கள் டிபன் பெட்டியில் கொண்டு செல்லுங்கள். விருந்தோம்பல் என்பது நமக்குச் சுவையானதைப் பிறர்மேல் திணிப்பதன்று. அவர் அச்சமின்றி உண்ணத்தக்கதை இட்டு, அவரோடு ஒரே பந்தியில் அமர்வதாகும்.