பட்டை தெரியாத பட்டைத்தலை வாத்து

பறவைக் கையேட்டில் பட்டைத்தலை வாத்தைவிட எளிதான பக்கம் இருக்காது. வெள்ளைத் தலை, பின்மண்டையில் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டைகள், மஞ்சள் அலகு. கரையில் நிற்கும் பறவையைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். சிக்கல் அது பறக்கும்போதுதான். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு குளிர்காலத்தில் வரும் இந்த வாத்துகள் பகலில் பெரும்பாலும் தண்ணீரிலேயே ஓய்வெடுக்கும். பொழுது சாயும் நேரத்தில் கூட்டமாக எழுந்து வயல்வெளிக்கு மேயப் போகும், விடிகாலையில் திரும்பும். நமக்குக் கிடைப்பது மங்கிய வெளிச்சமும் பத்து, பதினைந்து விநாடிகளும்தான். அந்த நேரத்தில், அந்த உயரத்தில், தலைப் பட்டை கண்ணுக்குப் படவே படாது. போதாக்குறைக்கு, அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகளுக்குப் பட்டையே இருக்காது; உச்சந்தலையிலிருந்து பின்கழுத்து வரை வெறும் கரும்பழுப்பு இறங்கும். பெயருக்குக் காரணமான அடையாளம் வானத்தில் கைகொடுப்பதில்லை. அப்படியானால் எதைப் பார்ப்பது?

முதலில், அது காட்டு வாத்துதானா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'கூஸ்' என்கிற பெரிய வகையைத்தான் இங்கே காட்டு வாத்து என்கிறேன்; சிறிய வாத்துகளைத் தாரா என்றே சொல்லலாம். அம்பு முனைபோல் அணிவகுத்துப் போனாலே காட்டு வாத்து என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறோம். அது சரியில்லை. நீர்க்காகம், பூநாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா எல்லாமே அப்படிப் பறக்கும். முன்னே போகும் பறவையின் சிறகு நுனிக்கு வெளிப்பக்கத்தில் காற்று சற்று மேல்நோக்கி எழும். அந்த எழுச்சியில் பின்னே வரும் பறவை தன் சிறகை வைத்துக்கொண்டால் உழைப்பு குறையும். ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்கு மனிதர் ஓட்டிய சிறு விமானத்தின் பின்னால் பறந்த மொட்டைத்தலை அரிவாள்மூக்கன்களின் முதுகில் கருவி பொருத்தி நடந்த ஆய்வு 2014இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பறவைகள் இடத்தை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை, முன்னவரின் சிறகடிப்புக்கு ஏற்பத் தங்கள் அடியின் நேரத்தையும் சரிசெய்கின்றன என்று அது காட்டியது. இந்தச் சிக்கனம் பல பெரிய பறவைகளுக்கும் பொதுவானது. ஆகவே அணிவகுப்பை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வால் பக்கம் பாருங்கள். வாலுக்குப் பின்னால் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பூநாரையோ அரிவாள்மூக்கனோ நாரையோதான். காட்டு வாத்தின் கால் வாலைத் தாண்டி நீளாது. நீர்க்காகம் உடல் முழுக்கக் கறுப்பு, வால் நீளம், நாலைந்து அடி அடித்துவிட்டுக் கொஞ்சம் மிதக்கும், பெரும்பாலும் சத்தமே போடாது. கூழைக்கடா கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு பறக்கும். காட்டு வாத்து முழுக் கழுத்தையும் முன்னே நீட்டும். தாராக்களும் கழுத்தை நீட்டித்தான் பறக்கும், ஆனால் அவற்றின் சிறகு படபடவென்று வேகமாக அடிக்கும். காட்டு வாத்தின் அடி நிதானமானது, ஆழமானது. ஒவ்வொரு அடியையும் கண்ணால் தொடர முடியும். என்னைக் கேட்டால் நிறத்தைவிட, அளவைவிட, இந்தத் தாளம்தான் நம்பத் தகுந்தது. தனியாகப் பறக்கும் பறவையின் அளவை வெறும் வானத்தில் யாராலும் சரியாக மதிப்பிட முடியாது.

அடுத்து சிறகு. பட்டைத்தலை வாத்து பறக்கையில் மொத்தத்தில் வெளிறித் தெரியும். சிறகின் பெரும்பகுதி வெளிர் சாம்பல். பின் விளிம்பில் மட்டும் மை தடவியதுபோல் கறுப்பு. கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் வெள்ளைத் தலையும், கரிய பின்கழுத்தை ஒட்டி இருபுறமும் இறங்கும் வெள்ளைக் கோடும் தெரியும். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது கிரேலாக் வாத்து. வட இந்திய ஏரிகளுக்கு அது வழக்கமான விருந்தாளி. ராஜஸ்தானின் பரத்பூர், பஞ்சாபின் ஹரிகே போன்ற இடங்களில் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். கிரேலாக்கின் சிறகிலும் வெள்ளி மின்னும் வெளிர் சாம்பல் உண்டு, ஆனால் முன்பகுதியில் மட்டும். முதுகு, கழுத்து, தலை எல்லாம் மங்கிய பழுப்பு. தலை உடலைவிட வெளுப்பாக இருந்தால் பட்டைத்தலை. தலையும் கழுத்தும் உடலோடு ஒன்றிப்போய், சிறகின் முன்பக்கம் மட்டும் பளிச்சிட்டால் கிரேலாக். சிறகு மேலும் கீழும் ஒரே கறுப்பாக, கழுத்து வெள்ளையாக இருந்தால் அது காட்டு வாத்தே இல்லை. நம் ஊர்க் குளங்களிலும் காணக் கிடைக்கும் செண்டு வாத்தாக இருக்கலாம்.

வெளிச்சம் முற்றிலும் போன பிறகும் காது வேலை செய்யும். பண்ணை வீடுகளில் காவலுக்கு வளர்க்கும் ஐரோப்பிய வெள்ளை வாத்தின் மூதாதை கிரேலாக்தான். அதனால் அந்தக் கரகரத்த கூச்சலைக் கேட்டவர்களுக்குக் கிரேலாக்கின் குரல் ஏற்கெனவே பழக்கம். பட்டைத்தலையின் குரல் மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். சற்றுத் தாழ்ந்து, இடைவெளி விட்டு ஒலிக்கும். கூட்டம் தலைக்கு மேல் வரும்போது கேமராவைத் தேடிக்கொண்டிருக்காமல் கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டால் போதும். பின்னிருந்து ஒளி வரும் மாலை வேளையில் எடுத்த கரிய நிழல்படங்களைவிட அரை நிமிட ஒலி அதிகம் சொல்லும்.

தமிழ்நாட்டுக்கு வழக்கமாக வரும் காட்டு வாத்து பட்டைத்தலை ஒன்றுதான். இந்தத் தகவல் உதவியும் செய்யும், கெடுதலும் செய்யும். வழக்கமானதைத்தான் பார்க்கப்போகிறோம் என்ற நினைப்பில் கூட்டத்தை மேலோட்டமாக எண்ணிவிட்டுப் போய்விடுவோம். வழிதவறி வரும் அரிய வாத்துகள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, வேறு வாத்துக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். எனவே வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு பறவையாகப் பார்க்க வேண்டும். எல்லாம் வெளிறியிருக்க ஒன்று மட்டும் கருத்திருக்கிறதா, ஒன்று மட்டும் சிறுத்திருக்கிறதா?

இந்தச் சிறகுகளின் மீது எனக்குள்ள மரியாதைக்கு வேறு காரணமும் உண்டு. மங்கோலியா, திபெத், லடாக் பகுதிகளில் குஞ்சு பொரிக்கும் இப்பறவைகள் இமயமலையைத் தாண்டித்தான் வருகின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஆய்வில் பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். ஆனால் பெரும்பாலான பறத்தல் 5,500 மீட்டருக்குக் கீழேதான். எவரெஸ்டுக்கு மேலே உல்லாசமாகப் பறக்கின்றன என்று சொல்வது மிகை. மலைச் சரிவை ஒட்டி ஏறி இறங்கி, காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவிலும் விடியலிலும் அவை கடக்கின்றன. அவற்றின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றும், உடல் எடைக்குச் சிறகின் பரப்பும் மற்ற காட்டு வாத்துகளைவிடச் சற்று அதிகம். மங்கோலியாவில் எண் பொறித்த கழுத்துப்பட்டை மாட்டிய வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் பார்க்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தொலைவு 4,000 கிலோமீட்டருக்கும் மேல்.

புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார் குமரித்துறையிலிருந்து வடமலைக்குப் போகும் அன்னச் சேவலை அழைத்துப் பேசுகிறார். அந்த அன்னம் பட்டைத்தலை வாத்துதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. திசை பொருந்துகிறது. ஆனால் பாடலின் அன்னம் அயிரை மீன் தின்கிறது; பட்டைத்தலை வாத்தோ புல்லும் தானியமும் மேய்வது. ஒரு பொருத்தத்தைக் கண்டதும் மற்றதை மறந்துவிடக் கூடாது என்பது குளக்கரைக்கும் பொருந்தும் விதி.

2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் 'இ-பேர்ட்' தளத்தில் பட்டியல் சேர்க்கலாம். இனம் பிடிபடாதபோது இனம் உறுதியாகாத காட்டு வாத்து என்றே பதியும் வசதி அதில் இருக்கிறது; தயங்காமல் பயன்படுத்துங்கள். பெயரை ஊகித்துப் போடுவதைவிட அது பயனுள்ள பதிவு. கையேட்டைத் திறக்கும் முன்பே, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிடுங்கள்: எத்தனை பறவை, எந்தத் திசை, சிறகின் முன்பகுதி என்ன நிறம், பின் விளிம்பு என்ன நிறம், தலை உடலைவிட வெளுப்பா, குரல் கேட்டதா. படத்தைப் பார்த்துவிட்டால் பிறகு நினைவு படத்தைப் போலவே மாறிவிடும். அரிய பறவை என்று பதிந்தால் அதைச் சரிபார்ப்பவர் கேட்கும் முதல் கேள்விகளும் இவைதான்.