பத்து நாள் படுக்கை

காய்ச்சலில் கிடந்து எழுந்த அப்பத்தாவைப் பேரையூர்ப் பக்கம் நலம் விசாரித்தால், "காலு ரெண்டும் குச்சியாப் போச்சுப்பா" என்பார். உண்மைதான், நேயர்களே! 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நோயில்லாத, சராசரி 67 வயதுக்காரர்கள் சிலர் 10 நாள் படுக்கையிலேயே இருந்தார்கள். நேரத்துக்குச் சாப்பாடு உண்டு. அப்படியும் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை குறைந்துவிட்டது. பத்தே நாளில்!

எங்கே போகிறது அந்தச் சதை? 2001-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் விடை கண்டன. ஒன்று ஹார்வர்டு பேராசிரியர் ஆல்ஃபிரட் கோல்ட்பர்க்கின் குழு; மற்றொன்றில் ஆய்வாளர் சூ போடைன் இருந்தார். வெட்ட வேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்புக் குறி போடுவோமே, அதுபோலத் தசைப் புரதங்களுக்குக் குறி போடும் நொதிகள் உடம்பிலேயே இருக்கின்றன: அட்ரோஜின், மர்ஃப். குறி விழுந்த புரதத்தைச் செல் துண்டு துண்டாக்கிவிடும். பட்டினி, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் என எது வந்தாலும் ஆய்வக விலங்குகளின் தசையில் அட்ரோஜின் பெருகியது. அசையாமல் கிடந்தாலும் அப்படியே. அட்ரோஜினை உருவாக்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கோ தசை அவ்வளவாகக் கரையவில்லை.

மருத்துவர் சரியென்றால், அப்பத்தாவைக் கைபிடித்துத் திண்ணை வரையாவது நடத்துங்கள். கஞ்சியோடு ஒரு முட்டையோ அவித்த பயறோ கொடுங்கள்.